வண்டியைத் திருப்பிய பெண்மணி



சிவில் படிக்கிற நமக்கு ரோடு என்றால் என்ன? சப்-கிரேடு, ஜல்லி, தார், கேம்பர், கிரேடியன்ட், ஓரத்தில் ஒரு வடிகால். படம் போட்டுப் பாகம் குறித்தால் மார்க் விழும். ஆனால் அந்த ரோட்டில் மூட்டை முடிச்சோடு நடந்து போகிறவன் எங்கே போகிறான், ஏன் போகிறான் என்று எந்த யூனிட்டிலும் கேள்வி வருவதில்லை.

அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவரைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் இன்ஜினியர் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. ஒரு கால் சரியில்லாத போட்டோகிராபர். அமெரிக்காவைச் சேர்ந்த டோரத்தியா லாங். பெயர் தெரியாதவர்கள்கூட அவர் எடுத்த ஒரு படத்தை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். கிழிசல் கூடாரத்தில் ஒரு தாய். மடியில் கைக்குழந்தை. இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். அவள் கை கன்னத்தில். கண் எங்கேயோ தூரத்தில். அந்தப் படத்தின் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் எடுத்தவரின் கதை.

நொண்டிக் காலும் நூலக ஜன்னலும்

1895 மே 26-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் ஊரில் பிறந்தவர் டோரத்தியா. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் வம்சம். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. உயிர் தப்பினார், ஆனால் வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போய், சாகும்வரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். பன்னிரண்டு வயதில் அடுத்த அடி. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பிற்காலத்தில் அப்பா வழிப் பெயரான நட்சோர்ன் என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மா பிறந்த வீட்டுப் பெயரான லாங் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு நியூயார்க்கில் ஒரு நூலகத்தில் வேலை. குடியேறி வந்த ஏழைக் குடும்பங்கள் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேராக நெருக்கி வாழ்ந்த பகுதி அது. மகளும் பக்கத்துப் பள்ளியில் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக எதிர்வீடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். தனியாக வீடு திரும்பும் வழியில் குடிகாரர்கள் விழுந்து கிடக்கும் தெருவைத் தாண்ட வேண்டும். யார் கண்ணிலும் படாமல், எல்லோரையும் பார்த்தபடி நடக்க அப்போதே பழகிவிட்டாராம். பின்னால் அவருக்குச் சோறு போட்டது அந்தப் பழக்கம்தான்!

1913-ல் பள்ளிப்படிப்பு முடிந்தது. டீச்சர் ஆகச் சொன்னார்கள் வீட்டில். இவரோ போட்டோகிராபர் ஆகப்போகிறேன் என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை அவரிடம் கேமராவே கிடையாது! ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் எடுபிடி வேலை பார்த்துத் தொழிலைக் கற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ஒயிட் என்ற ஆசிரியரின் வகுப்பிலும் சேர்ந்து படித்தார்.

1918-ல் ஒரு தோழியோடு உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் பிக்பாக்கெட்! கையிலிருந்த காசு எல்லாம் போச்சு. உலகப் பயணம் அங்கேயே முடிந்தது. அழுதுகொண்டு உட்காரவில்லை. பிலிம் கழுவிக் கொடுக்கிற கடை ஒன்றில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம், 1919-ல், அதே ஊரில் சொந்த ஸ்டுடியோ! பணக்காரக் குடும்பங்கள் எல்லாம் அவரிடம் படம் எடுத்துக்கொள்ள வந்தன. 1920-ல் மெனார்ட் டிக்சன் என்ற ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு ஆண் பிள்ளைகள். வாழ்க்கை நன்றாகத்தான் போனது.

ஸ்டுடியோவை விட்டு இறங்கினார்

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. பாங்குகள் மூடின, ஆலைகள் நின்றன. 1933-ல் நாலு தொழிலாளியில் ஒருவருக்கு வேலை இல்லை. ஸ்டுடியோ ஜன்னலில் நின்று பார்த்தால் கீழே தெருவில் வேலை இல்லாதவர்கள் போக இடம் தெரியாமல் நிற்கிறார்கள். மேலே பணக்காரர் முகத்துக்கு லைட் போடுகிறோம், கீழே இது நடக்கிறது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஏழைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்தில் பெரிய வரிசை. எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, ஒரே ஒரு வயசாளி மட்டும் திரும்பி, கட்டையில் கை ஊன்றி, முன்னால் ஒரு தகரக் குவளையோடு நிற்கிறார். அழுக்குத் தொப்பி கண்ணை மறைக்கிறது. அந்தப் படம்தான் டோரத்தியாவின் பாதையை மாற்றியது.

அவர் படங்களைக் கண்காட்சியில் பார்த்தவர்களில் பால் டெய்லர் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் ஒருவர். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் விவசாயக் கூலிகளைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தவர். வெறும் புள்ளிவிவரத்தைக் காட்டினால் அதிகாரி புரட்டிப் போட்டுவிடுவார், கூடவே படமும் இருந்தால் நின்று பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் போட்டோகிராபருக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கக் கணக்கில் இடமே இல்லை! என்ன செய்தார் தெரியுமா? டோரத்தியாவை டைப்பிஸ்ட் என்று எழுதி வேலைக்கு எடுத்தார். பிலிம் செலவு அலுவலகப் பொருள் கணக்கில் போனது.

1935-ல் இந்த 'டைப்பிஸ்ட்' எடுத்த படங்களோடு போன அறிக்கையின் பலனாக, கூலிக் குடும்பங்கள் தங்கக் குழாய்த் தண்ணீர், கழிப்பறையோடு முகாம் கட்ட மத்திய அரசு 20,000 டாலர் ஒதுக்கியது. கலிபோர்னியாவில் மேரிஸ்வில், ஆர்வின் என்ற இரண்டு இடங்களில் முகாம் எழும்பியது. அதே ஆண்டு டிக்சனோடு மண முறிவு ஏற்பட்டு, டெய்லரை மணந்தார். அதன்பிறகு முப்பது வருஷம், இருவரும் ரோட்டிலேயே வாழ்ந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஆயிரக்கணக்கான மைல்

அந்தச் சமயத்தில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் விவசாயிகளின் மறுவாழ்வுக்காக ஒரு துறையைத் தொடங்கியிருந்தது. ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் கீழ் அதற்கு ஒரு புகைப்படப் பிரிவு. வரி கட்டுகிற மக்களுக்கு நாட்டின் நிலைமையைக் காட்டி, அரசுத் திட்டங்களுக்கு ஆதரவு சேர்ப்பது அதன் வேலை. சொல்லப்போனால் விளம்பரப் பிரிவுதான். ஆனால் வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ரோத்ஸ்டைன் போன்றவர்களோடு டோரத்தியாவும் அதில் சேர்ந்து எடுத்த படங்கள் விளம்பரத்தைத் தாண்டி நின்றுவிட்டன. அந்தப் பிரிவும் அதன் தொடர்ச்சியும் சேர்த்த ஒன்றேமுக்கால் லட்சம் நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

கார் நிறையக் கேமரா, பிலிம் தகடு, நோட்டு. கலிபோர்னியா, டெக்சஸ், ஓக்லஹோமா, மிசிசிப்பி, ஜார்ஜியா என்று வாரக்கணக்கில் ஓட்டம். அவர் தூக்கிய கேமராக்களில் ஒன்று கிராஃப்ளெக்ஸ். பெரிய மரப்பெட்டி மாதிரி இருக்கும். மேலே குனிந்து பார்க்க வேண்டும். பிலிம் ஒவ்வொன்றும் 4 அங்குலத்துக்கு 5 அங்குலத் தனித் தகடு. இன்று செல்போனில் ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது படம் தட்டுகிறோமே, அந்தக் கதை அங்கே நடக்காது. ஒவ்வொரு தகடும் காசு. படம் எப்படி வந்தது என்று தெரியவே பல நேரம் வாரக்கணக்கு ஆகும்.

அவர் வேலை பார்த்த விதம் நாம் கவனிக்க வேண்டியது. போன உடனே கேமராவை நீட்ட மாட்டார். நொண்டி நொண்டி நடந்து போய்ப் பேச்சுக் கொடுப்பார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை ரொம்ப நேரம் மெதுவாகக் குடிப்பார். அதற்குள் அவர்களுக்கு இவரைப் பார்த்துப் பழகிவிடும். நொண்டிக் கால் தனக்கு உதவி என்றே அவர் நினைத்தார். வலி தெரிந்தவள் வந்திருக்கிறாள் என்று ஜனங்கள் நம்பினார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை ஏக்கர் உழுதார்கள், கூலி எவ்வளவு என்று கேட்டதைக் காருக்குத் திரும்பியதும் மறக்காமல் எழுதிவிடுவார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் அவர் படங்களில் பாதிக்கு உயிர் இல்லை.

நிலம் ஏன் காலியானது?

இவ்வளவு ஜனங்கள் ஏன் ரோட்டுக்கு வந்தார்கள்? முதல் காரணம் மண். நடு அமெரிக்காவின் புல்வெளிச் சீமையில், முதல் உலகப்போர் சமயத்தில் கோதுமை விலை ஏறியது. புல்லை எல்லாம் உழுது தள்ளினார்கள். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14-ல் பட்டப்பகல் இருட்டாகும் அளவு புழுதிப் புயல் அடித்தது. இரண்டாவது காரணம் டிராக்டர். பருத்திப் பரப்பைக் குறைத்தால் அரசு பணம் கொடுத்தது. நிலச் சொந்தக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு டிராக்டர் வாங்கினார்கள். குத்தகைக்காரக் குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

1938-ல் டெக்சஸில் டோரத்தியா எடுத்த ஒரு படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. வீடு ஒன்று நிற்கிறது. டிராக்டர் ஓட்டிய சால்கள் வாசற்படி வரை வந்து வீட்டைச் சுற்றி வளைத்திருக்கின்றன. கோலம் போட இடம் இல்லாமல் உழுதுவிட்டார்கள் என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம். மனிதன் இல்லாத அந்தப் படம் மனிதனைப் பற்றித்தான் பேசுகிறது! இன்னொரு படம் 1937-ல் எடுத்தது. நெடுஞ்சாலையில் இரண்டு பேர் மூட்டையோடு நடக்கிறார்கள். பக்கத்தில் ரயில் கம்பெனியின் பெரிய விளம்பரப் பலகை. சாய்வு நாற்காலியில் ஒருவர் சொகுசாகச் சாய்ந்திருக்க, அடுத்த தடவை ரயிலில் வாருங்கள் என்று அழைக்கிறது. டோரத்தியா ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்க்கிறவனுக்கே சுருக்கென்று தைக்கும்.

இந்தப் பயணங்களை எல்லாம் சேர்த்து, கணவனும் மனைவியும் 1939-ல் 'ஓர் அமெரிக்க வெளியேற்றம்' என்ற பொருளுள்ள தலைப்பில் புத்தகம் போட்டார்கள். மண் அரிப்பு என்று நாம் படிக்கிறோமே, அதைப்போல மனித அரிப்பின் பதிவு என்று அதற்குத் துணைத் தலைப்பு வைத்தார்கள்.

இருபது மைல் தாண்டிய பிறகு

இப்போது அந்தத் தாயின் படத்துக்கு வருவோம். 1936 மார்ச். ஒரு மாதம் ரோட்டில் அலைந்துவிட்டு டோரத்தியா தனியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மழை. உடம்பு அசதி. பெட்டி நிறைய எடுத்த பிலிம். நிபோமோ என்ற ஊர் அருகே, பட்டாணி பறிப்பவர்கள் முகாம் என்று கையால் எழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. பார்த்தும் நிறுத்தாமல் போனார். வேண்டிய அளவு எடுத்தாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு மனசு. அது எப்படி விட்டுவிட்டுப் போவது என்று இன்னொரு மனசு. இருபது மைல் இந்தச் சண்டை நடந்தது. அப்புறம், வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்பினார்!

முகாமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பட்டாணிப் பயிர் பனியிலும் மழையிலும் அழுகிவிட்டது. பயிர் இல்லை என்றால் பறிப்பு இல்லை; பறிப்பு இல்லை என்றால் கூலி இல்லை. அந்தத் தாயிடம் சுமார் பத்து நிமிஷம்தான் இருந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனார். ஊருக்கு வந்ததும் படத்தைச் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்தார். செய்தி வந்த சில நாளில் மத்திய அரசு 20,000 பவுண்டு உணவை அந்த முகாமுக்கு அனுப்பியது. நம் கணக்கில் ஒன்பது டன்! ஒரு படம் ஒன்பது டன் சாப்பாட்டை இழுத்து வந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் மீதியும் இருக்கிறது. டோரத்தியா அன்று அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர், அதை மட்டும் எழுதவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் உலகமே பார்த்த முகத்துக்குப் பெயர் இல்லை. 1978-ல்தான் ஒரு பத்திரிகை நிருபர் அவரைக் கண்டுபிடித்தார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியில் பிறந்தவர். படம் எடுத்தபோது வயது 32. கார் ரிப்பேராகி அங்கே தங்க நேர்ந்த குடும்பம் அது. உணவு வந்து சேர்வதற்குள் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்! சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று டோரத்தியா எழுதியதையும் குடும்பத்தார் மறுத்தார்கள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை என்ற வருத்தம் அந்த அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் டோரத்தியாவுக்கும் அந்தப் படத்துக்கு உரிமைப் பணம் கிடையாது. 1983-ல் அந்த அம்மா நோயில் விழுந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். படத்தை மறக்காத ஜனங்கள் 30,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதே ஆண்டு அவர் இறந்தார். 1998-ல் அமெரிக்கத் தபால்துறை அந்தப் படத்தைத் தபால்தலையாக வெளியிட்டது.

இந்தப் பகுதியை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். கரும்பு வெட்டு முடிந்தால் செங்கல் சூளை, சூளை முடிந்தால் மறுபடி கரும்பு என்று என் அப்பாவும் அம்மாவும் வேலை இருக்கிற ஊருக்குப் போய்வந்துதான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற படத்தைத் தவிர அவர்களுக்கு வேறு படம் இல்லை. யாராவது ஒருவர் சூளையில் வண்டியை நிறுத்தி என் அம்மாவைப் படம் பிடித்தால் நல்லதுதான் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. பெயர் கேட்காமல் போனால் என் அம்மா என்ன நினைப்பார் என்றும் தோன்றுகிறது. டோரத்தியா வண்டியைத் திருப்பியது பெரிய காரியம். பெயர் கேட்காதது ஒரு கடன். ரெண்டையும் சேர்த்துத்தான் அவரை நான் மதிக்கிறேன்.

பூட்டி வைத்த படங்கள், மூழ்கிய ஊர்

1942-ல் ஜப்பானோடு போர் நடந்த சமயம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்! இந்த வேலையைப் படம் எடுக்க அரசாங்கமே டோரத்தியாவைக் கூலிக்கு அமர்த்தியது. அவர் உள்ளதை உள்ளபடி எடுத்தார். மூட்டைகளின் நடுவே கழுத்தில் அட்டை மாட்டி உட்கார்ந்திருக்கும் தாத்தா, கொடிக்கு வணக்கம் சொல்லும் சின்னப் பிள்ளைகள், மன்சனார் முகாமின் புழுதி. ராணுவம் பார்த்தது. போர் முடியும்வரை படங்களைப் பூட்டி வைத்தது. பிறகு அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அவற்றில் பல 2006-ல்தான் ஒரு புத்தகமாக வெளிவந்தன. சம்பளம் கொடுத்தவனுக்குப் பிடித்த மாதிரி எடுக்கத் தெரியாதவர் அவர்!

சிவில் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அடுத்தது. கலிபோர்னியாவில் மான்டிசெல்லோ அணை என்று ஒன்று உண்டு. 304 அடி உயரக் கான்கிரீட் வளைவு அணை. ஏரிக்குள்ளேயே வட்டக் கிணறு மாதிரி இறங்கும் அதன் ஸ்பில்வே உலகப் புகழ் பெற்றது. அந்த ஏரிக்கு அடியில் மான்டிசெல்லோ என்றே ஒரு ஊர் இருந்தது! 1956, 57-ல், தண்ணீர் ஏறுவதற்கு முன்பு, டோரத்தியாவும் பிர்க்கிள் ஜோன்ஸ் என்ற இளைய போட்டோகிராபரும் அந்தப் பள்ளத்தாக்கின் கடைசி வருஷத்தைப் படம் பிடித்தார்கள். கடைசி அறுவடை. வெட்டிச் சாய்த்த மரங்கள். தோண்டி வேறிடத்துக்குக் கொண்டுபோன கல்லறைகள். இடம் தெரியாமல் மிரண்டு ஓடும் குதிரை. அணை வேண்டாம் என்று அவர்கள் பிரச்சாரம் செய்யவில்லை. இங்கே இது இருந்தது என்று எழுதி வைத்தார்கள். 1960-ல் ஒரு பத்திரிகையின் முழு இதழாக அது வந்தது.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பிள்ளைகளை வாரக்கணக்கில் மற்றவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் ரோட்டுக்குப் போனார். பிள்ளைகளுக்கு அந்த மனக்குறை இருந்தது. 1945 முதல் வயிற்றுப்புண் அவரைப் படுத்தி எடுத்தது. கடைசியில் உணவுக்குழாயில் புற்றுநோய். நாள் குறைவு என்று தெரிந்தும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கத் தன் வாழ்நாள் படங்களைத் தானே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். 1965 அக்டோபர் 11-ல் எழுபதாவது வயதில் காலமானார். கண்காட்சி 1966 ஜனவரியில் திறந்தது. ஒரு பெண் புகைப்படக் கலைஞரின் வாழ்நாள் படைப்புகளுக்கு அந்த அருங்காட்சியகம் வைத்த முதல் தனிக் கண்காட்சி அது.

நமக்கு என்ன?

நண்பர்களே! இன்னும் கொஞ்ச நாளில் டிப்ளமோ சான்றிதழோடு வெளியே போவோம். யாரோ ஒருவர் ரோடு போடுவார், யாரோ ஒருவர் அணைக்கு லெவல் எடுப்பார், யாரோ ஒருவர் டிராக்டர் கம்பெனியில் இருப்பார். நாம் ஊன்றும் சர்வே கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கும், ஒரு புளியமரம் இருக்கும், ஒரு குடிசை இருக்கும். வரைபடத்தில் அதற்கெல்லாம் ஒரு கட்டம் போட்டுக் குறியீடு வைப்போம். வேலை நடக்கத்தான் வேண்டும். ரோடு வந்ததால்தான் நானும் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருகிறேன்.

ஆனால் கல் ஊன்றுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி மெதுவாகக் குடிக்கலாம். நம் எல்லோர் சட்டைப் பையிலும் இன்று கேமரா இருக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். டோரத்தியா அன்று விட்டதை நாம் விடாமல், அந்த வீட்டுக்காரர் பெயரையும் ஃபீல்டு புக்கில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை